வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் எனக்குக் கிடைக்காமல் போன காபிகளை வரிசையாக வைத்தால் டெக்சஸில் இர்விங் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆலன் வரைக்கும் வரும். வெள்ளைக்காரர் வீட்டுக்கோ ஆபீசுக்கோ போனால் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள், காபி வேண்டுமா என்று. நான் "ஐயோ, வேண்டாம்" என்பேன். அதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டாவது தடவை கேட்கும்போது "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இழுப்பதற்கும், மூன்றாவது தடவை "சரி, அரை டம்ளர்" என்று இறங்கி வருவதற்கும் அது ஒரு வாசல்படி. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இங்கே முதல் படியிலேயே "ஓகே" என்று சொல்லிவிட்டு அவர்கள் மட்டும் குடிப்பார்கள். நான் வாசனை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காபி போனால் போகட்டும், வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம். இதே புத்தியால் ஒரு வேலையைத் தொலைக்கப் பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

முப்பத்தொன்பதாவது வயதில் நான் நர்ஸ் ஆனேன். அதற்கு முன்பு நான் ஒரு டிபென்டன்ட், அதாவது கணவரைச் சார்ந்திருப்பவள். விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது, வீட்டிலும் அதை யாரும் மறுக்கவில்லை. கிரீன் கார்டு வந்ததும் எல்லோரும் வீடு பார்க்கச் சொன்னார்கள். நான் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்துவிட்டேன். ஏன் நர்சிங் என்று கேட்டவர்களிடம் சேவை, கருணை என்றெல்லாம் சொன்னேன். உண்மைக் காரணம், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் எனக்கு உள்ளூர ஓர் உற்சாகம் வந்துவிடும். தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தால் இந்த வீட்டில் எல்லோரும் நான் சொன்னபடி கேட்பார்கள். என் கணவர் இதைக் கண்டுபிடித்து, தும்மல் வந்தால்கூட பால்கனிக்குப் போய்த் தும்ம ஆரம்பித்தார்.

படிக்கும்போது ஒவ்வொரு வார்டாகப் போய்ப் பழக வேண்டும். எனக்குப் பிடித்துப்போனது அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் இருக்கும் வார்டு. மறுநாளே அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைப்பார்கள். அங்கே முழங்கால் மாற்றிய ஒரு தாத்தா இருந்தார், படுக்கையிலும் கவ்பாய் தொப்பியைக் கழற்றாதவர். எழுந்திருங்கள் என்றால் காது கூசுகிற கெட்ட வார்த்தையில் திட்டுவார். மற்றவர்கள் நல்ல விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "திட்டுறதை நடந்துக்கிட்டே திட்டலாம், எழுந்திருங்க" என்றேன். வராந்தா முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தார். திரும்பி வரும்போது வசவு தீர்ந்துபோய், பேரன் பேத்திகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வேலை செய்தால் இந்த வார்டில்தான்.

லைசென்ஸ் தேர்வு முடிந்து, அதே மாதிரி ஒரு வார்டுக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். வார்டு மேனேஜர் ஆறடி உயரமும் உள்ளே நுழைந்ததும் அறையே நிறைகிற குரலும் உள்ள டெக்சஸ் அம்மாள். காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அதை இழந்தேன். முரண்டு பிடிக்கும் நோயாளியை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டபோது தொப்பித் தாத்தா கதையைச் சொன்னேன். மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உங்களை மாதிரி ஒருவர்தான் எனக்கு வேண்டும். நீங்கள் இங்கே வந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பண்டிகை நாளிலும் வர வேண்டியிருக்கும். வீட்டில் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் சொல்லுங்கள். அதற்கு மேல் அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

தன் செல்போன் நம்பரையும் ஒரு கார்டில் எழுதிக் கொடுத்தார். நான் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, ஏசியை முழுசாகப் போட்டுவிட்டு அழுதேன்.

நம் ஆட்களுக்கு நான் ஏன் அழுதேன் என்று விளக்க வேண்டியதில்லை. என்னை மூன்று வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் வீட்டார் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்குது, வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். அதோடு சரி. இரண்டாவது வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு மருமகதான் வேணும்னு இருந்தோம்" என்று கண் கலங்கினார்கள், வீட்டில் பேசப் போனவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள் ஒரு வார்த்தை புகழவில்லை. "மண்டபம் உங்க பக்கமா, எங்க பக்கமா?" என்று கேட்டார்கள். அந்த வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். ஆகவே முகத்துக்கு நேராகப் புகழ்ந்து, கையையும் பிடித்து, வீட்டில் பேசு என்றும் ஒருவர் சொன்னால் கதை முடிந்தது. இந்த அம்மாள் மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்ன ஆச்சு?" என்றார்.

"கிடைக்கலைங்க."

"என்னதான் சொன்னாங்க?"

"ரொம்ப நல்லா பேசினாங்க. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்கன்னாங்க."

"அடடா" என்றார் அவர். முகம் தொங்கிவிட்டது. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய கம்பெனியில் ஆர்க்கிடெக்ட், அமெரிக்கர்களோடு நாள் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவரும் என் தோளைத் தட்டி, "விடு, அவங்களுக்குக் கொடுத்து வைக்கலை" என்றார். இனம் இனத்தோடு என்பது இதுதான். கார்டைக் குப்பையில் போட மனம் வராமல் ஹாலில் இருக்கும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

என் துக்கத்தைத் தாங்க முடியாமல் கணவர் ஒரு காரியம் செய்தார். ஆலனில் எங்கள் ஊர்ப் பக்கத்து டாக்டர் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அலர்ஜிக்கு ஊசி போடும் சொந்த கிளினிக். நாங்கள் இந்த ஊருக்குப் புதிதாக வந்தபோது எங்களுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். முந்தின வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் என்னைப் பார்த்து, "எதுக்கு அம்மணி வெளிய அலையற? நம்ம clinic இருக்குதல்ல, வந்துரு" என்று சொல்லியிருந்தார். அதை நினைவு வைத்திருந்த என் கணவர், புதன்கிழமை அவருக்கு போன் செய்து நன்றி சொல்லிவிட்டார். அங்கிள் இரண்டு தடவை இருமினாராம். பிறகு, "வெள்ளிக்கிழமை ஆன்டியும் நானும் வீட்டுக்கே வர்றோம், பேசிக்கலாம்" என்றாராம்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. நல்ல வேலைதான், ஒன்பதிலிருந்து ஐந்து, சனி ஞாயிறு லீவு. ஆனால் நாள் முழுக்க ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, கை தடிக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அங்கே யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, நடக்க வைக்க வேண்டியதில்லை, யாரும் திட்டக்கூட மாட்டார்கள். இதற்காகவா கணவரின் மேல் ஊசி போட்டுப் பழகினேன்? ஆனால் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனிதரிடம், வீடு தேடி வந்து உட்காரப் போகிறவரிடம், முடியாது என்று எந்த வாயால் சொல்வது? என் வாயில் அந்த வார்த்தை வந்ததே கிடையாது. டெலிமார்க்கெட்டிங் போன் வந்தால்கூட "அப்புறம் பேசட்டுமா" என்று கேட்டு வைப்பவள் நான்.

வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று பத்தேகாலுக்கே வந்துவிட்டார்கள். ஆன்டி பட்டுச்சேலை. கையில் தட்டு நிறைய ஆப்பிள், ஆரஞ்சு, மேலே வெற்றிலை பாக்கு. அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்தார். கணவருக்கு அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. பதினொரு வயது மகளுக்குப் பள்ளி விடுமுறை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் பஜ்ஜி போட்டேன்.

பஜ்ஜி, மழை, டெக்சஸ் வெயில், கொங்கு நாட்டுக் கல்யாணங்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லாவற்றையும் பேசினோம், வேலையைத் தவிர. கடைசியில் ஆன்டி அங்கிளை முழங்கையால் இடித்தார்.

"நம்ம clinic-ல எல்லாம் family மாதிரிதான் அம்மணி" என்றார் அங்கிள், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. "ஒண்ணும் அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "வீட்ல பேசிட்டுச் சொல்றேனுங் அங்கிள்."

வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு எழுந்து போயிருப்பார்கள். அங்கிள் பாதி எழுந்தேவிட்டார். ஆன்டி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வீடுதான் இங்கயே இருக்குதே கண்ணு! மாப்பிள்ளை இருக்காரு, பாப்பா இருக்குது. போய் பேசிட்டு வாங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

எங்களுடையது இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட். சுவர்கள் அப்பளம். ஹாலுக்குக் கேட்காமல் பேச முடிகிற ஒரே இடம் துணிகள் தொங்கும் சிறு அறையான க்ளாசெட். நாங்கள் மூன்று பேரும் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். என் மூக்கில் கணவரின் குளிர்கால கோட், முதுகில் சூட்கேஸ்.

"இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"ஓகே சொல்லிடு. கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

"எனக்கு அந்த வேலை வேண்டாங்க. எனக்கு அந்த வார்டுதான் வேணும்."

"அவங்கதான் வேணாம்னுட்டாங்களே."

அதுவரை சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள். "வெயிட். அந்த ஹாஸ்பிடல் லேடி நோ சொன்னாங்களா? எக்ஸாக்ட்லி வாட் டிட் ஷி சே?"

நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உன்னை மாதிரி ஒருவர்தான் வேண்டும், நீ வந்தால் சந்தோஷம், வீட்டில் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் சொல்.

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா. தட்ஸ் எ ஜாப் ஆஃபர்."

"இல்ல கண்ணு, உனக்குப் புரியாது. அது ஒரு மரியாதைக்குச் சொல்றது."

"ஷி கேவ் யூ எ டெட்லைன்! மரியாதைக்கு யாராவது டெட்லைன் கொடுப்பாங்களா?"

ஆர்க்கிடெக்ட் தன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். மூன்று வீட்டாரில் ஒருவர்கூட வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணி பதினொன்று நாற்பது.

நம்பர் எழுதிய கார்டு ஹாலில், சாமி படத்துக்குப் பின்னால். போய் எடுத்தாக வேண்டும். நான் வெளியே வந்து, அங்கிளையும் ஆன்டியையும் பார்த்துச் சிரித்துவிட்டு, சாமி படத்தின் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டபடி ஒரு கையைப் படத்துக்குப் பின்னால் விட்டுத் துழாவினேன். "சாமி கும்புட்டுட்டுத்தான் முடிவு சொல்லும் போல, எவ்வளவு நல்ல புள்ள" என்று ஆன்டி தானும் எழுந்து வந்து என் பக்கத்தில் கும்பிட்டார். அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் கார்டை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"ராகுகாலம் நடக்குது" என்றார் கணவர், நான் போனை எடுத்ததும். "பன்னண்டுக்குத்தான் முடியும்."

"பன்னண்டுக்கு வேலையும் முடிஞ்சிரும்."

அவர் மூன்று நொடி யோசித்தார். இந்த மனிதரை நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்று எப்போதாவது சந்தேகம் வந்தால் அந்த மூன்று நொடியை நினைத்துக்கொள்வேன். "இந்தியால ராகுகாலம் முடிஞ்சு பத்து மணி நேரம் ஆச்சு. நீ பண்ணு" என்றார்.

இரண்டாவது மணியிலேயே மேனேஜர் எடுத்துவிட்டார். பெயரைச் சொன்னதும், "நீங்கள் கூப்பிடவே இல்லையே என்று பார்த்தேன். வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்றார்.

எங்கிருந்துதான் வருமோ அந்தப் பழக்கம். "உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால்... வேறு யாரையாவது பார்த்திருந்தாலும் பரவாயில்லை... என்னால் உங்களுக்கு இடைஞ்சல்..." என்று என் வாய் தானாக ஓடியது.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எனக்குப் புரியவில்லை. இது யெஸ்ஸா, நோவா?"

மகள் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோட்டும் சூட்கேசும் கணவரும் சேர்ந்து எனக்கு மூச்சு முட்டியது. "யெஸ்" என்றேன். அது போதாது போலத் தோன்றியது. "எனக்கு இந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும்" என்று கத்திவிட்டேன். ஆங்கிலத்தில்தான் கத்தினேன். பிறந்ததிலிருந்து எந்த மொழியிலும் நான் சொல்லாத வாக்கியம் அது.

"அப்பாடா" என்கிற மாதிரி ஏதோ சொன்னார் அவர். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்.

க்ளாசெட் கதவைத் திறந்தால் வாசலில் ஆன்டி, கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு. "கேட்டுது கண்ணு, கேட்டுது! வேலை வேணும்னு நீ கத்துனது ஹால் வரைக்கும் கேட்டுது" என்று ஒரு ஸ்பூன் சர்க்கரையை என் வாயில் போட்டார். அவருக்குப் பின்னால் அங்கிள், தட்டில் இருந்த கடைசி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார்.

வாய் நிறையச் சர்க்கரையோடு இல்லை என்று சொல்வது கஷ்டம். விழுங்கினேன். இப்போது சொல்லாவிட்டால், நான் கிளினிக்கில் சேர்ந்துவிட்டதாக நாளைக்கே நாலு பேருக்குச் செய்தி போய்விடும். "அங்கிள், நான் உங்க கிளினிக்குக்கு வரலைங்க. ஹாஸ்பிடல்ல சேந்துட்டேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெசமாவா அம்மணி?"

கண்ணைத் திறந்தேன். அங்கிளின் முகம் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. பஜ்ஜியை ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, சொல்லீரலாமா?" என்றார் ஆன்டி.

"சொல்லீரு" என்றார் அங்கிள், மென்றுகொண்டே.

"Clinic-ல இடமே இல்ல கண்ணு. இவரு party-ல ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. மாப்பிள்ளை போன் பண்ணி thanks சொல்லிட்டாரு. அப்புறம் எப்படி இல்லைங்கிறது? ரெண்டு நாளா தூக்கமில்ல. கடைசில, front desk-ல நான் உக்காந்திருக்கேனல்ல, என்னை வீட்டுல இருன்னுட்டாரு, உனக்கு இடம் பண்றதுக்கு!"

"ஆன்டி! உங்க வேலையை எனக்குக் கொடுக்கவா பட்டுச்சேலை கட்டிட்டு வந்தீங்க?"

"பின்ன, அழுதுக்கிட்டேவா வர்றது?"

கணவர் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "யூ கைஸ் ஆர் எக்ஸாஸ்டிங்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கிள் மதியச் சாப்பாட்டுக்கு இருந்து, இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆன்டி பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை, என் புது வேலைக்கு என்று வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் ஒரு கட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஒன்று கேட்கலாமா?" என்றார் அவர். "அன்றைக்கே யெஸ் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஏன் கடைசிப் பத்து நிமிஷம் வரைக்கும்?"

மறைக்க ஒன்றுமில்லை. பெண் பார்த்த கதையையும், நல்லபடியாகப் பேசி அனுப்பினால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்பதையும், க்ளாசெட்டையும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். மேஜையைத் தட்டினார். பக்கத்து அறை நர்ஸைக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த நர்ஸ் போன பிறகு அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"அப்படியானால் அந்த வாரம் முழுக்க நான் உங்களை வேண்டாம் என்று சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தீர்களா?"

"ஆமாம்."

"நீங்கள்தான் வேண்டும் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேனே."

"அதனால்தான் நம்பவில்லை" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் வேண்டாம் என்று சொல்லாமல் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.